இறங்கிய பாட்டரியும் நெடுஞ்சாலைப் பிரயாணமும்

செட்டிநாட்டின் பெரிய வீடுகளில் பல, வருஷத்தின் பெரும்பகுதியைப் பூட்டிய கதவுகளோடுதான் கழிக்கின்றன. சென்னையிலும் கோயமுத்தூரிலும், சிங்கப்பூரிலும் மலேசியாவிலும், இன்னும் அப்பால் அமெரிக்காவிலும் ஜீவனத்தை அமைத்துக்கொண்டுவிட்ட குடும்பங்கள், கலியாணத்துக்கென்றும் அறுபதாம் ஆண்டு சாந்திக்கென்றும் முன்னோர் படைப்புக்கென்றும் கோயில் திருவிழாவுக்கென்றும் ஊர் திரும்பும் சில தினங்களில்தான் அவ்வீடுகளின் முகப்பில் விளக்கு எரிகிறது. அந்தச் சில தினங்களின் உபயோகத்துக்காகவே கொட்டகையில் ஒரு கார் உறை போர்த்தியபடி மாதக்கணக்கில் நிற்பதும் காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் முதலிய ஊர்களில் சர்வசாதாரணம். வந்தவர்கள் உறையை நீக்கிச் சாவியைத் திருப்பும்போது, எஞ்சின் முழங்குவதற்குப் பதிலாக ‘டக், டக்’ என்ற ஓசை மட்டும் எழுந்தால், அல்லது அந்த ஓசையும் எழாமற்போனால், பாட்டரி இறங்கிவிட்டது என்பதைச் சிறுபிள்ளையும் சொல்லிவிடும். பக்கத்து வீட்டுக் காரிலிருந்து கேபிள் போட்டோ, நாலு பேரைக் கொண்டு தள்ளச் செய்தோ எஞ்சினைக் கிளப்பிக் கொடுக்கும் மெக்கானிக், “அண்ணே, திருப்பத்தூர் வரைக்கும் ஒரு ஓட்டு ஓட்டிட்டு வாங்க, தானா ஏறிரும்” என்று பரிகாரத்தையும் சொல்லி அனுப்புகிறார்.

இந்த யோசனையில் உண்மை இல்லாமல் இல்லை. ஓடுகிற எஞ்சின் பாட்டரிக்குள் மின்சாரத்தைச் செலுத்துவது மெய். அப்படிச் செலுத்துவதற்கென்றே ஒவ்வொரு காரிலும் ஒரு யந்திரம் அமைந்திருப்பதும் மெய். ஆயினும், வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதைப் பாட்டரி அறியாது. தன்னுள் இருக்கும் ஈயமும் திராவகமும் எவ்வளவு வேகத்தில் மாறுதலடைய வல்லனவோ அவ்வளவு வேகத்தில்தான் அது சக்தியை ஏற்றுக்கொள்ளும். சாலையின் தூரத்துக்கும் இரசாயனத்தின் நிதானத்துக்கும் இடையே உள்ள இந்தப் பொருத்தமின்மையை விளங்கிக்கொண்டவர்களுக்கு, மெக்கானிக்கின் யோசனை எப்போது பலிக்கும், எப்போது பலிக்காது என்பது தானே புலனாகிவிடும்.

முதலில் பாட்டரிக்குள் நிகழ்வது என்னவென்று பார்க்கலாம். 1859-ஆம் ஆண்டில் பிரான்ஸ் தேசத்து விஞ்ஞானி காஸ்தோன் பிளாந்தே, இரண்டு ஈயத் தகடுகளை ஒன்றையொன்று தொடாதபடி பிரித்துச் சுருட்டி, நீர் கலந்த கந்தகத் திராவகத்தில் அமிழ்த்தி, அவற்றினூடே மின்சாரத்தைப் பலமுறை செலுத்தியும் வாங்கியும் பார்த்தபோது, மின்சாரத்தை ஏற்றி வைத்துத் திரும்பப் பெறக்கூடிய முதல் மின்கலம் உலகுக்குக் கிடைத்தது. அவருடைய தகடுகள் பக்குவப்படுவதற்கு நெடுநாள் பிடித்தது. 1881-இல் அதே தேசத்தைச் சேர்ந்த கமீல் ஃபோர், ஈயச் சேர்மத்தைக் களிம்பாகக் குழைத்துத் தகட்டின்மேல் அப்பும் முறையைக் கண்டுபிடித்த பின்னரே அது தொழிற்சாலையில் செய்து விற்கத்தக்க சரக்காயிற்று. இன்று நம் காரின் மூடிக்கடியில் இருப்பதும் அடிப்படையில் அதே சாதனந்தான். அதில் ஆறு அறைகள் உண்டு. ஒவ்வோர் அறையும் இரண்டு வோல்ட்டுக்குச் சற்று அதிகமாக அளிக்க, ஆறும் தொடராகச் சேர்ந்து பன்னிரண்டரை வோல்ட்டுக்கு மேல் தருகின்றன. ஒரு வகைத் தகட்டில் கடற்பஞ்சு போல் நுண்துளைகள் நிறைந்த ஈயம். மற்றொரு வகைத் தகட்டில் பழுப்பு நிறமான ஈயப் பெராக்ஸைடு. இரண்டுக்கும் இடையே திராவகம். மின்சாரத்தை நாம் வாங்கும்போது, திராவகத்திலுள்ள கந்தகப் பகுதி இரண்டு தகடுகளிலும் போய்ச் சேர்ந்து அவ்விரண்டையும் ஈய சல்பேட் என்னும் ஒரே பதார்த்தமாக மாற்றுகிறது. எஞ்சும் திராவகத்தில் தண்ணீரின் அளவு மிகுகிறது. இரு தகடுகளும் ஒரே தன்மையை அடைய அடைய மின்சாரத்தை உந்தும் வேற்றுமை குன்றி, கடைசியில் பாட்டரி ஓய்ந்துபோகிறது. பாட்டரி கடைக்காரர் ஹைட்ரோமீட்டரை இட்டுத் திராவகத்தை உறிஞ்சிப் பார்ப்பது இதனால்தான்: முழுதும் ஏறிய நிலையில் ஒப்படர்த்தி 1.26-க்கு மேல் காட்டுகிற திராவகம், முற்றிலும் இறங்கிய நிலையில் 1.15-க்கும் கீழே போய்விடும். வோல்ட்டு மீட்டரிலும் இது தெரியும். ஓய்வில் இருக்கும் பாட்டரி 12.6 வோல்ட்டு காட்டினால் நிறைவு, 12.2 காட்டினால் ஏறத்தாழப் பாதி, 11.8-க்கும் கீழானால் அநேகமாகக் காலி.

சார்ஜ் ஏற்றுதல் என்பது இந்த விவகாரம் முழுவதையும் பின்னோக்கி நடத்துவது. வெளியிலிருந்து சற்று அதிகமான வோல்ட்டில் மின்சாரத்தைச் செலுத்தினால், ஈய சல்பேட் பிரிந்து, ஒரு தகட்டில் மீண்டும் ஈயமும் மற்றதில் மீண்டும் பெராக்ஸைடும் உண்டாகி, கந்தகம் திராவகத்துக்குத் திரும்புகிறது.

அந்தச் ‘சற்று அதிகமான வோல்ட்டை’ உண்டாக்கும் யந்திரம் ஆல்டர்னேட்டர். ஆரம்ப காலத்துக் கார்களில் இதற்கு வேலையே இல்லை. எஞ்சினைக் கிளப்ப ஹேண்டிலைப் போட்டுக் கையால் சுற்றினார்கள். சுற்றும்போது எஞ்சின் திருப்பி உதைத்துக் கை முறிந்தவர்களும் உண்டு. 1912-ஆம் ஆண்டுக் காடிலாக் கார்களில் சார்லஸ் கெட்டரிங் வகுத்த மின்சார ஸ்டார்ட்டர் இடம்பெற்றது முதல், பாட்டரியும் அதை நிரப்பும் டைனமோவும் மோட்டார் வண்டியின் நிரந்தர அங்கங்களாயின. நம் ஊர் மெக்கானிக்குகள் ‘செல்ஃப்’ என்று அழைப்பது அந்த ஸ்டார்ட்டரைத்தான். அம்பாஸடர், ஃபியட் கார்களின் காலம் வரையில், செல்ஃப் எடுக்காவிட்டால் ஹேண்டில் போடலாம் என்ற தைரியம் ஓட்டுநர்களுக்கு இருந்தது. அந்தத் துணை இன்றைய கார்களில் இல்லை. டைனமோவின் ஸ்தானத்தை 1960-க்குப் பிறகு ஆல்டர்னேட்டர் படிப்படியாகப் பிடித்துக்கொண்டது. சென்னைப் பாடியில் 1961-இல் தோன்றிய லூகாஸ் டி.வி.எஸ். நிறுவனத்தின் பிரதான உற்பத்திகளில் ஸ்டார்ட்டரும் ஆல்டர்னேட்டருமே முக்கியமானவை என்பதால், தமிழ்நாட்டு மெக்கானிக்குகளுக்கு இவ்விரண்டும் பழகிய சாமான்கள். எஞ்சினிலிருந்து ஒரு பெல்ட்டின் மூலம் சுழலும் ஆல்டர்னேட்டர் மாறுதிசை மின்சாரத்தை உண்டாக்க, அதனுள்ளேயே இருக்கும் டயோடுகள் அதை ஒரே திசையில் பாயச் செய்ய, ரெகுலேட்டர் என்னும் உறுப்பு அதன் வோல்ட்டை ஏறத்தாழ 14.2 அளவில் நிறுத்துகிறது.

இனிக் கணக்கைப் பார்க்கலாம். இந்தக் கணக்கில்தான் விஷயம் அடங்கியிருக்கிறது. நம் நாட்டுச் சிறிய கார்களில் 35 ஆம்பியர்-மணி அளவுள்ள பாட்டரி பொருத்துவது வழக்கம். எஞ்சினைக் கிளப்பும்போது செல்ஃப் 200 ஆம்பியர் வரை வாங்குகிறது. கேட்பதற்குப் பெரிதாகத் தோன்றினாலும், அது மூன்று விநாடிதான் நீடிக்கிறதென்றால், செலவான சக்தி ஓர் ஆம்பியர்-மணியில் ஆறில் ஒரு பங்கே. ஆல்டர்னேட்டர் பத்து ஆம்பியர் வீதம் திருப்பிக் கொடுத்தாலும் ஒரு நிமிஷத்தில் அந்தக் கடன் தீர்ந்துவிடுகிறது. ஆகவே, ஆரோக்கியமான பாட்டரியையுடைய காரை நித்தியம் ஓட்டுகிறவர்கள் பாட்டரியைப் பற்றி நினைக்காமலேயே காலந்தள்ள முடிகிறது. ‘ஓட்டினால் தானாக ஏறும்’ என்ற நம்பிக்கை பிறந்ததும் இந்த அனுபவத்திலிருந்துதான்.

ஆனால், மறந்துபோய் எரியவிட்ட முன்விளக்குகள் இரண்டும் பின்விளக்குகளும் சேர்ந்து மணிக்குப் பத்து ஆம்பியர்-மணி வீதம் குடித்துவிட்டால், மூன்றரை மணி நேரத்தில் 35 ஆம்பியர்-மணியும் போய்விடும். கொட்டகையில் நின்ற காரின் கதை இன்னும் மௌனமானது. சாவியை எடுத்துவிட்ட பிறகும் கடிகாரம், திருட்டு எச்சரிக்கை, கதவுப் பூட்டின் ரிமோட்டை எதிர்நோக்கும் கருவி, எஞ்சினின் கணினி ஆகியவை உறங்குவதில்லை. இவையெல்லாம் சேர்ந்து 30 மில்லி ஆம்பியர்தான் வாங்குகின்றன என்று வைத்துக்கொண்டாலும், முப்பது நாளில் இருபத்தொரு ஆம்பியர்-மணிக்கு மேல் கரைந்துவிடும். சிறிய பாட்டரியில் அது பாதிக்கும் அதிகம். இதனோடு பாட்டரி தனக்குத்தானே இறங்கும் சுபாவமும் சேர்கிறது. வெப்பம் பத்து டிகிரி கூடுந்தோறும் இந்தச் சுய இறக்கம் ஏறக்குறைய இரு மடங்காகிறது என்பது பொதுவான விதி. சிவகங்கைச் சீமையின் சித்திரை வெயிலில், தகரக் கூரையின் கீழ் நிற்கும் வண்டிக்கு இதைவிட எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தகட்டின் சட்டத்தில் ஆன்டிமனி கலந்த பழைய பாட்டரிகள் விரைவாக இறங்கின. கால்சியம் கலந்த புதிய வகைகள் நிதானமாக இறங்குகின்றன. ஆனால் இறங்காதிருப்பது எதுவுமில்லை.

இப்போது, முற்றிலும் இறங்கிய பாட்டரியோடு கிளம்பிய வண்டி திருப்பத்தூருக்குப் போய்க்கொண்டிருக்கிறது. போக வர ஒரு மணி நேரம் என்று கொள்வோம். ஆல்டர்னேட்டரின் முழுச் சக்தி அறுபது ஆம்பியர் என்று அதன்மேல் பொறித்திருந்தாலும், அது எஞ்சின் வேகமாகச் சுழலும்போது கிடைக்கும் அளவு. காரைக்குடிச் செக்காலை ரோட்டின் நெரிசலில் வண்டி நின்று நின்று நகரும்போது அதில் பாதியும் கிடைப்பதில்லை. கிடைத்ததிலும் எரிபொருள் பம்பு, இக்னிஷன், ரேடியேட்டர் விசிறி, ஏ.ஸி.யின் காற்றாடி, இரவானால் முன்விளக்கு ஆகிய எல்லாம் தத்தம் பங்கை முதலில் எடுத்துக்கொள்கின்றன. எஞ்சிய இருபது முப்பது ஆம்பியர் பாட்டரிக்குப் போகிறது. வெறும் கூட்டல் கழித்தலாகப் பார்த்தால், ஒரு மணி நேரத்தில் முக்கால்வாசி நிரம்பியிருக்க வேண்டும். அப்படி நிரம்புவதில்லை, அதற்குக் காரணம் ஆல்டர்னேட்டரில் இல்லை, பாட்டரியில் இருக்கிறது.

செட்டிநாட்டு வீட்டின் நீண்ட வளவில் ஒரே ஒரு பந்திக்கு இலை போட்டிருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கதவு திறந்ததும் முதலில் வருகிறவர்கள் கண்ட இடத்தில் உட்கார்ந்துவிடுகிறார்கள். பாதிப் பந்தி நிமிஷத்தில் நிறைந்துவிடுகிறது. ஆனால் கடைசியில் வருகிறவர்கள், ஒரு மூலையில் ஓர் இலையும் மற்றொரு மூலையில் இன்னோர் இலையுமாகக் காலியிடத்தைத் தேடித் தேடிப் போகவேண்டியிருக்கிறது. பாட்டரியிலும், தகட்டின் மேற்புறத்தில் எளிதில் எட்டும் ஈய சல்பேட் முதலில் மாறிவிடுகிறது. உள்ளே நுண்துளைகளின் ஆழத்தில் இருப்பது மாறவேண்டுமானால், அது திராவகத்தில் அற்ப அளவில் கரைந்து, கரைந்தது தகட்டை அடைந்து, விடுபட்ட கந்தகம் துளைகளின் வழியே வெளியே பரவ வேண்டும். இப்பரவலை அவசரப்படுத்த வழியில்லை. ஆகவே, ரெகுலேட்டர் 14.2 வோல்ட்டில் கதவைத் திறந்தே வைத்திருந்தாலும், ஆரம்பத்தில் பிரவாகமாகப் புகுந்த மின்சாரம் நேரம் ஆக ஆகத் தானாகவே சுருங்கி, முப்பது ஆம்பியர் பத்தாகி, பத்து மூன்றாகி, மூன்று ஒன்றாகித் தேய்கிறது. அறுபது எழுபது சதவீதம் வரை ஏறுவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் போதுமென்றால், மிச்சமுள்ள முப்பது சதவீதம் ஏறுவதற்கு மேலும் ஆறு ஏழு மணி நேரம் வேண்டியிருக்கிறது. வோல்ட்டை உயர்த்தி அவசரப்படுத்தப் பார்த்தாலோ, சல்பேட்டை மாற்றுவதற்குப் பதிலாக மின்சாரம் தண்ணீரையே பிரித்து, ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனுமாக ஆவியாக்கிவிடும். இதைத் தடுக்கவே ரெகுலேட்டர் அந்த வரம்பில் நிற்கிறது; எஞ்சின் அறை கொதிக்கும் கோடையில் பல கார்களின் ரெகுலேட்டர்கள் அந்த வரம்பை இன்னும் சற்றுக் கீழேயே இறக்கிவிடுவதால், நம் பிரதேசத்தில் ஏற்றம் மேலும் தாமதமாகிறது.

ஆகையால், திருப்பத்தூர் போய்வந்த கார் மறுநாள் காலை கிளம்பிவிடக்கூடும். கிளம்பிவிட்டது என்பதனாலேயே பாட்டரி நிறைந்துவிட்டது என்று எண்ணுவதுதான் தவறு. பாதி நிறைந்த பாட்டரியும் ஆரோக்கியமாயிருந்தால் எஞ்சினைக் கிளப்பிவிடும். ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தூரத்திலுள்ள திருச்சிராப்பள்ளிக்கு நெடுஞ்சாலையில் போய் வந்தாலும் மூன்றரை நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆவதில்லை. நிறைவுக்கு அதுவும் போதாது. குன்றக்குடிக்கும் பிள்ளையார்பட்டிக்கும் போய்ச் சுவாமி தரிசனம் செய்து திரும்பும் அரைமணிப் பிரயாணங்களோ, இடையிடையே எஞ்சினை நிறுத்திக் கிளப்புவதால் ஏற்றியதில் ஒரு பங்கைச் செலவழித்துக்கொண்டும் இருக்கின்றன. வாசலில் வண்டியை நிறுத்தியபடியே எஞ்சினை ஓடவிடுவது இவை எல்லாவற்றிலும் பயனற்ற வழி. ஆல்டர்னேட்டர் மெதுவாகச் சுழன்று கொஞ்சமே உற்பத்தி செய்ய, பெட்ரோலும் புகையும் வீணாகும்.

பிரயாணத்தின் பக்கம் சொல்லவேண்டிய நல்ல வார்த்தையும் ஒன்று உண்டு. அசையாமல் நிற்கும் பாட்டரியில் அடர்த்தியான திராவகம் அடியிலும் நீர்த்தது மேலுமாகப் படிந்து நிற்கும் தோஷம் உண்டாகிறது. சாலையின் குலுக்கல் அதைக் கலக்கிச் சமமாக்குகிறது. வீட்டு இன்வெர்ட்டர் பாட்டரிக்குக் கிடைக்காத அனுகூலம் இது.

இறங்கிய நிலையிலேயே பாட்டரியை விட்டுவைப்பதால் விளையும் கேடு, இறங்கியதைக் காட்டிலும் பெரிது. புதிதாக உண்டான ஈய சல்பேட் நுண்ணிய துகள்களாக இருக்கிறது. அந்த நிலையில் மின்சாரம் அதை எளிதில் திருப்பிவிடும். ஆனால் நாட்களும் வாரங்களும் செல்லச் செல்ல, சிறிய துகள்கள் கரைந்து பெரிய படிகங்களின்மேல் படிந்து, கடினமான, மின்சாரம் எளிதில் ஊடுருவாத வெண்படலமாகிவிடுகின்றன. சல்பேட் ஏறிவிட்டது என்று பாட்டரி கடைகளில் சொல்வது இதைத்தான். இந்தப் படிகங்களை எந்த நெடும் பிரயாணமும் கரைத்துவிடாது. மேலும், கார் பாட்டரியின் தகடுகள் ஒரே நொடியில் இருநூறு ஆம்பியர் கொடுக்கவேண்டுமென்பதற்காக மெல்லியவையாகவும் பலவாகவும் செய்யப்பட்டவை. ஈய சல்பேட் ஈயத்தைக் காட்டிலும் அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால், முழுதும் இறங்கும் ஒவ்வொரு முறையும் தகடுகள் உப்பிச் சுருங்கி, மேலே அப்பிய பதார்த்தம் உதிரத் தொடங்குகிறது. இன்வெர்ட்டருக்கென்று செய்யப்படும் தடித்த குழாய்த் தகடுகள் இந்தச் சிரமத்தைத் தாங்கும். காரின் மெல்லிய தகடுகள் அடிக்கடி தாங்கா. குளிர் தேசங்களில் பாட்டரியின் பலவீனத்தைப் பனிக்காலம் வெளிப்படுத்துகிறது. இங்கோ கோடை அதன் ஆயுளையே அரித்துவிடுகிறது.

தள்ளிக் கிளப்புவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. டைனமோ பொருத்திய பழைய வண்டிகளில், அதன் இரும்பில் எப்போதும் தங்கியிருந்த சிறிது காந்தத்தன்மையே மின்சாரத்தைத் தொடங்கிவைத்தது. ஆதலால் பாட்டரி அடியோடு காலியானாலும், இரண்டாவது கியரில் போட்டுத் தள்ளினால் எஞ்சின் எழுந்துவிடும். ஆல்டர்னேட்டர் அப்படியல்ல. அதனுள் சுழலும் காந்தத்தை எழுப்புவதற்கே பாட்டரியிலிருந்து முதலில் கொஞ்சம் மின்சாரம் வேண்டும். எரிபொருளைத் தெளிக்கும் கணினியும் பம்பும் வேறு தமக்குரிய வோல்ட்டு கிடைக்காமல் அசையமாட்டா. எனவே விளக்குகூட மங்கி எரியாத அளவுக்கு இறங்கிய புதிய காரை ஊரே கூடித் தள்ளினாலும் பலனில்லாமற்போகலாம். ஆட்டோமேட்டிக் கியர் வண்டியைத் தள்ளிக் கிளப்பும் பேச்சுக்கே இடமில்லை. ஜம்பர் கேபிள்தான் வழி. அதில் முறை முக்கியம்: இறங்கிய பாட்டரியின் பாஸிட்டிவ், பிறகு நல்ல பாட்டரியின் பாஸிட்டிவ், பிறகு நல்ல பாட்டரியின் நெகட்டிவ், கடைசி முனையை மட்டும் இறங்கிய பாட்டரியில் மாட்டாமல், சற்று எட்டியுள்ள எஞ்சினின் வெறும் இரும்பில் மாட்டவேண்டும். கடைசி இணைப்பில் தீப்பொறி தெறிப்பது இயல்பு; பாட்டரியைச் சுற்றிக் காற்றில் நாலு சதவீதம் ஹைட்ரஜன் கலந்திருந்தாலும் அது பற்றி வெடித்துத் திராவகத்தை முகத்தில் வாரியடிக்கும். இந்த ஒரு விஷயத்தில் அசட்டை செய்கிறவர்களைக் காணும்போது மனம் பதறுகிறது. கண் போனால் திரும்பக் கிடைப்பதில்லை.

காலியான பாட்டரியை நிரப்பும் பாரத்தை ஆல்டர்னேட்டரின் தலையில் சுமத்துவது அதற்கும் நல்லதல்ல. நித்திய உபயோகத்தில் அதன் வேலை, வண்டியின் தேவைகளைப் பூர்த்திசெய்து, பாட்டரியை நிறைந்த நிலையில் வைத்திருப்பது. முழுச் சக்தியில் நெடுநேரம் உழைக்க நேர்ந்தால், அதிலும் மெதுவாக ஊர்ந்து காற்றோட்டமின்றி உழைக்க நேர்ந்தால், அதன் சுருள்களும் டயோடுகளும் மிகவும் சூடேறும். அண்மைக்காலக் கார்கள் சிலவற்றில் இன்னொரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது: எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக, வண்டி வேகம் குறையும் தருணங்களில் அதிகமாகவும் மற்ற சமயங்களில் குறைவாகவும் பாட்டரியை நிரப்பும்படி கணினி ஆல்டர்னேட்டரை ஆள்கிறது.

இத்தனைக்கும் மாற்று மிக எளியது, மலிவானதும்கூட. காலியான 35 ஆம்பியர்-மணிப் பாட்டரியை வீட்டு மின்சாரத்தில் ஓடும் சார்ஜரைக் கொண்டு நிரப்புவதற்கு, நஷ்டங்களையெல்லாம் சேர்த்தும், அரை யூனிட்டுக்குச் சற்று மேல்தான் செலவாகும். அதே பாட்டரிக்காகத் திருச்சிக்குப் போய்வரும் காருக்குப் பெட்ரோல் பத்து லிட்டராவது வேண்டும். மூன்று அல்லது நான்கு ஆம்பியரில் இரவு முழுதும் நிதானமாக ஏறவிட்டால், நுண்துளைகளின் ஆழத்திலுள்ள சல்பேட்டும் மாறுவதற்கு அவகாசம் கிடைக்கிறது. வீட்டில் சார்ஜர் இல்லாதவர்கள் பாட்டரியைக் கழற்றிக் கடையில் கொடுத்து மறுநாள் வாங்கிக்கொள்ளலாம். வாங்கிய உடனே வோல்ட்டைப் பார்ப்பதில் பயனில்லை. தகட்டின் மேற்பரப்பில் தங்கிய ஏற்றம் 13 வோல்ட்டுக்கு மேலேகூடக் காட்டி ஏமாற்றும். சில மணி நேரம் ஓய்வில் விட்டுப் பார்த்து, அப்போதும் 12.6 நின்றால் பாட்டரி நலமாயிருக்கிறது. ஓர் இரவுக்குள் 12.2-க்கு விழுந்தால், அதன் ஆறு அறைகளில் ஒன்றேனும் பழுதாகிவிட்டது என்று கொள்ளலாம். கொட்டகையில் வண்டியை விட்டுச் செல்லும்போது நெகட்டிவ் முனையைக் கழற்றி வைத்தால் 30 மில்லி ஆம்பியர்க் கசிவு நின்றுவிடும்; வீட்டைக் கவனித்துக்கொள்பவர் மாதம் ஒருமுறை சார்ஜரைப் பூட்டி ஓர் இரவு வைத்தால் சுய இறக்கமும் ஈடாகிவிடும். மாதம் ஒருமுறை பத்து நிமிஷம் எஞ்சினை ஓடவிட்டு நிறுத்துவது பல வீடுகளில் உள்ள வழக்கம். கணக்கு தெரிந்தவர்கள் அதை விட்டுவிட வேண்டுகிறேன்.

இந்தப் பிரச்சினையைச் செட்டிநாட்டில் இருந்துகொண்டு சிந்திப்பதில் எனக்கு ஒரு விசேஷமான திருப்தி உண்டு. மின்சாரத்துக்கும் இரசாயன மாறுதலுக்கும் உள்ள உறவை ஆராய்வதையே தொழிலாகக் கொண்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், ஊர்வாசிகள் சிக்ரி என்று அழைக்கும் அந்த ஸ்தாபனம், காரைக்குடியில்தான் இருக்கிறது. கோட்டையூரில் 1909-இல் பிறந்த வள்ளல் அழகப்பச் செட்டியார் முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து லட்சம் ரூபாயும் கொடுத்திராவிட்டால், அப்படியொரு தேசிய ஆராய்ச்சிக்கூடம் பெருநகரங்களைவிட்டு இந்தச் செம்மண் பூமிக்கு வந்திராது. தேசம் விடுதலையடைந்து ஓராண்டு நிறைவதற்குள், 1948 ஜூலை 25 அன்று, ஜவஹர்லால் நேரு அதற்கு அஸ்திவாரக் கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று, அப்போது குடியரசுத் துணைத் தலைவராயிருந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். ஈயப் பாட்டரி முதல் லித்தியம் வரை மின்கல ஆராய்ச்சியும், உலோகங்களின் துருவை ஆராய்வதும் அதன் நெடுநாளைய துறைகள்; உப்புக் காற்று இரும்பைத் தின்னும் மண்டபம் என்னும் ஊரில் அதற்கு ஒரு கிளை இருப்பதும் இந்த இரண்டாவது துறையின் பொருட்டே. பாட்டரியின் முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூக்கும் பொடியும் துருவின் ஓர் இனந்தான் என்பதையும், அதைச் சுரண்டித் துடைத்து முனையை இறுக்கிய மாத்திரத்தில் ‘இறந்த’ பாட்டரிகள் பல எழுந்துவிடுகின்றன என்பதையும் இவ்விடத்தில் சொல்லிவிடலாம்.

மின்சாரக் கார்கள் வந்துவிட்டன. இனி இந்தத் தொல்லை இருக்காது என்று கருதுகிறவர்கள் உண்டு. அவற்றை ஓட்டுவது பெரிய லித்தியம் பாட்டரியானாலும், கதவுப் பூட்டு, விளக்கு, கணினி ஆகியவற்றுக்கென்று பன்னிரண்டு வோல்ட்டுச் சிறு பாட்டரி ஒன்று பெரும்பாலான மின்சாரக் கார்களிலும் இருக்கிறது; அவற்றில் பலவற்றில் அது பிளாந்தேயின் வழிவந்த ஈயப் பாட்டரியேதான். வண்டி நிற்கும்போது பெரிய பாட்டரியின் இணைப்பு பாதுகாப்புக்காகத் துண்டிக்கப்பட்டிருக்கும். அதை மீண்டும் இணைக்கும் விசையை இயக்குவது சிறிய பாட்டரி. வண்டி இயங்கும்போது பெரியதிலிருந்து சிறியதற்கு மின்சாரம் இறங்குகிறது. சில வண்டிகளில் நிற்கும்போதும் இடையிடையே தானே விழித்து இறக்கிக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. அந்த ஏற்பாடு இல்லாத காரைக் கானாடுகாத்தானில் மூன்று மாதம் பூட்டிவைத்துவிட்டு வந்தால், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடுவதற்குரிய சக்தி அடியில் நிறைந்திருக்க, கதவைத் திறப்பதற்கே பக்கத்து வீட்டுக் கேபிளைத் தேட நேரிடலாம். அதைக் கேட்டு வருகிற மெக்கானிக்கும், சிறிய பாட்டரி எங்கே இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்ப்பார்.